ஹெர்-2 ரிப்போர்ட்டில் 2+ என்று வந்தால்: அந்த ஏற்பி என்ன, ஏன் காத்திருக்க வேண்டும்

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 52 வயது. வலது மார்பில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி. பயாப்சியில் கேன்சர் என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் இ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-2 2+, ஃபிஷ் பரிசோதனை தேவை என்று போட்டிருக்கிறது. பெரம்பூரில் எங்கள் குடும்ப டாக்டர் 'அது ஒரு ரிசப்டர்' என்று மட்டும் சொன்னார். ஃபிஷ்ஷுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதற்குள் ஆபரேஷனை முடித்துவிடலாமா? இந்த ரிசப்டர் எல்லோருக்கும் இருப்பதா, அம்மாவுக்கு மட்டும் வந்ததா? எனக்கும் தங்கைக்கும் வருமா?"

முதலில் அவசரமான பதில்: ஹெர்-2 ஜீனை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையின் முடிவு வரும் வரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்க வேண்டாம். அந்தக் கட்டி அங்கே உருவாகிப் பல மாதங்கள், ஒருவேளை சில வருடங்கள் ஆகியிருக்கும். பத்து நாளில் நிலைமை கைமீறிப் போகாது. ஆனால் அந்தப் பரிசோதனை இல்லாமல் கத்தியை எடுத்தால், முதலில் கொடுத்திருக்க வேண்டிய மருந்தைக் கொடுக்கும் வாய்ப்பு போய்விடலாம். சென்னையில் ஒரு பேத்தாலஜி லேபில் இந்த ஸ்லைடுகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரிசப்டர், அதாவது ஏற்பி, எல்லோருக்கும் உண்டு. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஊடுருவி நிற்கும் புரதம் அது. ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு சின்னத் துண்டு சவ்வுக்குள் இருக்கும், மிச்சம் செல்லுக்குள்ளே. வெளியிலிருந்து ஒரு ஹார்மோனோ வளர்ச்சிக் காரணியோ வந்து வெளிப்பகுதியில் ஒட்டினால், உள்ளே இருக்கும் பகுதி வேலையைத் தொடங்கும். காலிங்பெல்லின் பொத்தான் வாசலில் இருக்க, மணி கூடத்தில் அடிப்பது மாதிரி. ஹெர்-2 சேர்ந்திருக்கும் வகுப்புக்கு ரிசப்டர் டைரோசின் கைனேஸ் என்று பெயர். மனித உடலில் இந்த வகுப்பில் மொத்தம் 58 புரதங்கள். சர்க்கரை வியாதி பற்றிப் பேசும்போதெல்லாம் அடிபடும் இன்சுலின் ஏற்பியும் இவற்றில் ஒன்றுதான்.

உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள இ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஏற்பிகளே, ஆனால் அவை வேறு இனம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்கள் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும் என்பதால், அவற்றின் ஏற்பிகள் செல்லின் உட்கருவிலேயே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். இ.ஆர். பாசிட்டிவ் ஸ்லைடில் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பழுப்பு உருண்டை இருக்கும். ஹெர்-2 ஸ்லைடில் நடு வெறுமையாக இருக்க, செல்லின் ஓரம் மட்டும் பழுப்புக் கோடாக ஓடும். ஓரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பி வலை மாதிரி ஆழ்ந்த பழுப்பில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது 3+.

டைரோசின் கைனேஸ் ஏற்பிகளில் பெரும்பாலானவை தனியாக நிற்கும்போது சும்மா இருக்கும். வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஜோடி சேரும். ஜோடி சேர்ந்ததும் ஒன்றின் உட்பகுதி மற்றதன் உட்பகுதியில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ள உள்ளே வேறு புரதங்கள் வரும், அவை இன்னும் சிலவற்றைத் தூண்டும், இப்படியே சங்கிலியாகச் செய்தி உட்கரு வரை போகும். 'பிரிந்து பெருகு', 'சாகாதே' என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம். காயம் ஆற, குழந்தை வளர, தாய்ப்பால் சுரக்கும் திசு உருவாக இது வேண்டும். வேலை முடிந்ததும் செல் அந்த ஏற்பியை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும், ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளும் உண்டு. இப்படி நிற்காமல் செய்தி போய்க்கொண்டே இருந்தால் நோய் வரும்.

ஹெர்-2 சேர்ந்திருக்கும் ஏற்பிக் குடும்பத்தின் கதை எலிக்குட்டியின் கண் இமையில் தொடங்கியது. அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹென் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினார். வழக்கமாக இரண்டு வாரத்தில் திறக்கும் கண், ஒரு வாரத்திலேயே திறந்தது. சாற்றில் ஏதோ ஒன்று தோலின் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது என்று பிடித்து, அதைப் பிரித்தெடுத்து, 1962-இல் வெளியிட்டார். அதுதான் இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. பிறகு அது போய் ஒட்டும் ஏற்பியும் பிடிபட்டது. 1986-இல் ரீட்டா லெவி மோன்டால்சினியோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த இ.ஜி.எஃப். ஏற்பிதான் ஹெர்-1. அதன் உடன்பிறப்புகள் ஹெர்-2, ஹெர்-3, ஹெர்-4.

நான்கில் ஹெர்-2 விசித்திரமானது. அதற்கென்று வந்து ஒட்டும் வளர்ச்சிக் காரணி எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதன் வெளிப்பகுதி எப்போதும் ஜோடி சேரத் தயாரான நிலையிலேயே விரிந்து நிற்கிறது. மற்ற மூன்றில் எது தூண்டப்பட்டாலும் இது போய்க் கைகோக்கும். சாதாரண மார்பகச் செல்லில் இது சில பத்தாயிரம் என்ற அளவில் இருப்பதால் ஆபத்தில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதத்தில், 17-ஆவது குரோமோசோமில் உள்ள ஹெர்-2 ஜீன் பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. ஜீன் பெருகினால் புரதமும் பெருகும். ஒரு செல்லின் மேல் 20 லட்சம் வரைகூட ஏறிவிடும். அவ்வளவு நெரிசலில் யாரும் தூண்டாமலே ஒன்றோடு ஒன்று இடித்து ஜோடி சேர்ந்துவிடும். செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அம்மாவுக்கு 'ஹெர்-2 வந்துவிட்டது' என்பது சரியில்லை. ஹெர்-2 முன்பும் இருந்தது. அது அளவு மீறியிருக்கிறதா என்பதுதான் இப்போதுள்ள கேள்வி.

இந்த அளவு மீறலுக்கு என்ன அர்த்தம் என்பதை 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியது. 189 மார்பகக் கட்டிகளைப் பார்த்ததில், ஏறத்தாழ 30 சதவீதத்தில் ஜீன் பெருகியிருந்தது, அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. அப்போது அது கெட்ட செய்தி மட்டும்தான். 1998-இல் டிராஸ்டுஸுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பிறகு நிலைமை தலைகீழானது. அது ஹெர்-2-வின் வெளிப்பகுதியில் சவ்வை ஒட்டிய இடத்தில் போய் உட்காரும். செய்தி தளரும். அதோடு நம் நோய் எதிர்ப்புச் செல்களும் அந்தக் கேன்சர் செல்லை அடையாளம் கண்டு தாக்கும். ஒரு காலத்தில் மிக மோசம் என்று ஒதுக்கப்பட்ட வகை, இன்று மருந்துக்கு மிக நன்றாக வசப்படும் வகைகளில் ஒன்று. என் வேலையில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் மாற்றம் இதுதான்.

இந்த வகுப்பின் மற்ற ஏற்பிகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. ரெட் என்ற ஏற்பியைப் பாருங்கள். கருவில் குடலுக்கு நரம்புச் செல்கள் போய்ச் சேர அது தேவை. அது வேலை செய்யாவிட்டால் பிறக்கும் குழந்தையின் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பே இருக்காது, மலம் இறங்காது, வயிறு உப்பிவிடும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று குழந்தை அறுவை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதே ரெட் நிற்காமல் வேலை செய்யும்படி மாறிவிட்டால் தைராய்டில் ஒரு வகைக் கேன்சர் வரும், அது குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகவும் தொடரும். ஒரே புரதம்தான். குறைந்தால் ஒரு நோய், மிகுந்தால் வேறொரு நோய். எஃப்.ஜி.எஃப்.ஆர்.-3 எலும்பு வளர்ச்சிக்குப் பிரேக் போடும் ஏற்பி. அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், கைகால் குட்டையாக இருக்கும். நுரையீரல் கேன்சரில், குறிப்பாகப் புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம், ஹெர்-1 மாற்றமடைந்து தானாகவே இயங்குவது அடிக்கடி காணப்படுகிறது. 2004-இல் அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அவர்களில் பலருக்கு மாத்திரையே முதல் சிகிச்சையாகிவிட்டது. இன்சுலின் ஏற்பி விஷயம் கொஞ்சம் வேறு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு பார்க்கும் டைப்-2 சர்க்கரையில் ஏற்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதற்கு அடுத்த கட்டங்களில்தான் செய்தி மங்கிப்போகிறது.

சரி, 2+ விஷயத்துக்கு வருவோம். கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் புதைத்துப் பிளாக் ஆக்கி, மெல்லியதாகச் சீவி, ஹெர்-2 புரதத்தோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள். அதற்கு ஐ.எச்.சி. என்று பெயர். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட கேன்சர் செல்களில் ஓரம் முழுக்கச் சுற்றி, அழுத்தமாகச் சாயம் ஏறியிருந்தால் 3+, பாசிட்டிவ். சாயமே இல்லை, அல்லது மங்கலாக அரைகுறையாக ஓரத்தில் தொட்டிருக்கிறது என்றால் 0 அல்லது 1+, நெகட்டிவ். ஓரம் முழுக்கச் சுற்றியிருக்கிறது, ஆனால் வெளிறி அல்லது மிதமாக இருக்கிறது என்றால் 2+. 2+ என்பது பாதிப் பாசிட்டிவ் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இந்தப் பரிசோதனையால் சொல்ல முடியவில்லை, ஜீனையே எண்ணிப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். பேத்தாலஜிஸ்ட் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நேர்மையாக எழுதியிருக்கிறார்.

ஃபிஷ் அந்த எண்ணிக்கைதான். இருட்டறையில் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது ஒவ்வொரு உட்கருவும் நீலமாகத் தெரியும், அதற்குள் ஹெர்-2 ஜீன் சிவப்புப் புள்ளி, 17-ஆவது குரோமோசோமின் நடுப்பகுதி பச்சைப் புள்ளி. சாதாரணச் செல்லில் சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு. ஜீன் பெருகியிருந்தால் பச்சை இரண்டு மூன்று இருக்க, சிவப்பு பத்து பதினைந்து என்று கொத்தாகச் சிதறியிருக்கும். குறைந்தது இருபது செல்களில் இதை எண்ணுவோம். பச்சையைப் போல் சிவப்பு இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல், ஒரு செல்லுக்குச் சராசரி நான்கு சிவப்பாவது இருக்கிறது என்றால் பாசிட்டிவ். 2+ ஆனவர்களில் அதிகம் பேருக்கு நெகட்டிவ் என்றுதான் வரும், ஆனாலும் கணிசமானவர்களுக்குப் பாசிட்டிவ் வருகிறது. ஊகித்து முடிவெடுக்க முடியாத இடம் இது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தாரிடம் யாரும் சொல்வதில்லை. இந்தப் பரிசோதனைகள் சரியாக வருவது, திசுவை எடுத்த முதல் சில மணி நேரத்தில் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. உடம்பிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது சரியான செறிவுள்ள, அமிலத்தன்மை நீக்கிய ஃபார்மலினில், அதாவது திசுவைக் கெடாமல் காக்கும் திரவத்தில், இறங்க வேண்டும். அதில் குறைந்தது ஆறு மணி நேரம், அதிகபட்சம் எழுபத்திரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். சின்ன நர்சிங் ஹோம்களிலிருந்து வெறும் சலைனில் போட்டு வந்த துண்டுகளையும், சனிக்கிழமை எடுத்துப் பொங்கல் விடுமுறை முடிந்து வந்து சேர்ந்த டப்பாக்களையும் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். முழு மார்பகத்தையும் எடுத்து, வெட்டாமல் அப்படியே சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால், ஃபார்மலின் உள்ளே இருக்கும் கட்டி வரை போய்ச் சேர்வதற்குள் திசு கெட்டுவிடும். அப்படிக் கெட்ட திசுவில் ஹெர்-2 உண்மையில் இருந்தாலும் சாயம் மங்கும், ஃபிஷ்ஷில் புள்ளியே தெரியாமலும் போகலாம். உங்கள் அம்மாவுக்குச் செய்தது ஊசி பயாப்சி என்றால் நல்லது, மெல்லிய துண்டில் ஃபார்மலின் நன்றாக ஊறும். ஃபிஷ்ஷில் 'சிக்னல் போதவில்லை' என்று வந்தால் அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளாமல், மறு பயாப்சி கேளுங்கள்.

ஃபிஷ் எல்லா லேபிலும் செய்வதில்லை. பிளாக்கை வாங்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். கேட்டால் கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே சரிபாருங்கள். அந்த மெழுகு அறுபது டிகிரியை ஒட்டி உருகிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி, அந்த லேபிலேயே ஒப்படையுங்கள், அல்லது பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் வேறு பரிசோதனை வேண்டுமென்றால் அதுதான் கையில் இருக்கும்.

இனி, ஏன் ஆபரேஷனுக்கு முன் முடிவு தெரிய வேண்டும் என்பது. ஃபிஷ் பாசிட்டிவ் என்றால், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்குப் பொதுவாக முதலில் கீமோவும் அதோடு ஹெர்-2 மருந்தும் கொடுத்து, கட்டியைச் சுருக்கிவிட்டு, அப்புறம்தான் ஆபரேஷன். இதில் இரண்டு லாபம். பலருக்கு மார்பகத்தை முழுக்க எடுக்க வேண்டியிராது. எடுத்த திசுவில் கேன்சர் செல் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கடுத்த மருந்தை மாற்றிக் கொடுக்கலாம். முதலிலேயே வெட்டிவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று அறிய வழியே இல்லை. ஃபிஷ் நெகட்டிவ் என்றாலும், இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் ஆன கட்டிக்கு இந்த அளவில் முதலில் கீமோ என்பதே பெரும்பாலும் வழி, ஆனால் மருந்துகள் வேறு. இன்னொன்று: 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனதை இப்போது 'ஹெர்-2 குறைவு' என்று தனியாகக் குறிக்கிறோம். ஆன்டிபாடியில் கீமோ மருந்தைக் கட்டி அனுப்பும் டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டீகான், உடம்பில் பரவிய நிலையில் அவர்களுக்கும் பலன் தருகிறது என்று 2022-இல் தெரியவந்தது. அதனால் ரிப்போர்ட்டில் வெறும் நெகட்டிவ் என்று எழுதாமல், 2+ என்ற எண்ணையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் பத்து நாளும் வீண் போகாது. ஆங்காலஜிஸ்ட், அதாவது கேன்சர் டாக்டர், சொல்லும் ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனை, இதய எக்கோ எல்லாவற்றையும் முடித்துவிடலாம். முதலில் கீமோ என்று முடிவானால், கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டி கரைந்து காணாமல் போனால் சர்ஜன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம்.

எக்கோ ஏன் என்றால், இதயத் தசைச் செல்களும் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள ஹெர்-2-வைப் பயன்படுத்துகின்றன. டிராஸ்டுஸுமாப் அதையும் தடுப்பதால் சிலருக்கு இதயம் பம்ப் செய்யும் வலிமை குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துக் கவனித்தால், குறையும்போது மருந்தை நிறுத்தி வைக்கலாம், பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். மூச்சு வாங்குவது, கால் வீங்குவது என்று இருந்தால் அடுத்த எக்கோ வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் கொடுப்பார்கள். இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

செலவு பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் 2014 முதல் டிராஸ்டுஸுமாப்பின் இணை மருந்துகள் இந்தியாவிலேயே தயாராகி வருகின்றன, மூல மருந்தைவிட விலை குறைவு. 2015-இல் அது நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கவுன்டரில் ரிப்போர்ட்டோடு போய்க் கேளுங்கள். ஃபிஷ்ஷுக்குக் கட்டும் பணம் சுமையாக இருந்தாலும், ஒரு வருட மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மிச்சப்படுத்த வேண்டிய இடம் இதுவல்ல.

உங்களுக்கும் தங்கைக்கும் வருமா? ஹெர்-2 ஜீன் பெருகியது அம்மாவின் கட்டிக்குள் இருக்கும் செல்களில் மட்டும். அவர் பெற்ற பிள்ளைகளுக்கு அது போகாது. ஆனால் ஃபிஷ் நெகட்டிவ் வந்து, மூன்றும் நெகட்டிவ் என்று ஆனால், அம்மாவுக்கு பி.ஆர்.சி.ஏ. ஜீன் பரிசோதனை செய்வது பற்றி ஆங்காலஜிஸ்டிடம் கேளுங்கள். அது ரத்தத்தில் செய்வது, பரம்பரையாக வரும் மாற்றத்தைத் தேடுவது, ஹெர்-2-வோடு சம்பந்தமில்லாதது. அம்மாவுக்கு அந்த மாற்றம் இருந்தால் உங்கள் இருவருக்கும் தலா பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அப்போது நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றாலும், தாய்க்கு வந்திருப்பதால் மேமோகிராம் எந்த வயதில் தொடங்குவது என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஃபிஷ் ரிப்போர்ட் வந்ததும் சிவப்பு-பச்சை விகிதம், ஒரு செல்லுக்கு எத்தனை சிவப்பு என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.